கை சொன்னதும் விமானம் கேட்டதும்

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மாட்டின் கயிற்றை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. கொஞ்சம் கூடினால் மாடு சாலையை விட்டு வயலில் இறங்கிவிடும். கொஞ்சம் குறைந்தால் எதிரே வருகிற லாரியை அது லட்சியம் செய்யாது. மாட்டை மாற்றினாலோ பழைய கணக்கு எதுவும் செல்லாது. சில மாடுகளுக்குக் கயிறு அசைந்தால் போதும். சில மாடுகளுக்கு வண்டிக்காரர் எழுந்து நின்று இழுத்தாலும் போதாது. இரண்டு வகை மாடுகளாலும் வண்டி குடை சாய்ந்ததுண்டு.

ஆகாயத்தில் ஓடுகிற வண்டிக்கும் இதே தொல்லைதான். யுத்த விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஈடுபட்ட பிள்ளைகளைக் கவனித்தால் இதைத் தெரிந்துகொள்ளலாம். மேஜைமேல் ஜாய்ஸ்டிக் என்னும் கைப்பிடிக் கோல் நிற்கும். திரையில் எதிரி விமானம் காத்துக்கொண்டிருக்கும். பிள்ளையோ சண்டைக்குப் போகாமல், ஏதோ ஒரு வளைகோட்டை மேலே தூக்கியும் கீழே இறக்கியும் ஒரு மணி நேரத்தைக் கழித்திருப்பான். "இது என்னடா விளையாட்டு?" என்று தாயார் கேட்டால், "ஸென்ஸிடிவிட்டி சரி பண்ணுகிறேன், அம்மா!" என்று பதில் வரும். கோலை இவ்வளவு அசைத்தால் விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்ற கணக்குத்தான் அது. தாயாருக்கு அது வெட்டி வேலையாகத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்த ஒரு கணக்கைச் சரி செய்வதற்காகச் சென்ற நூற்றாண்டில் பெரிய பெரிய மேதாவிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். விமானிகள் சிலருக்கு மண்டை உண்மையாகவே உடைந்தது.

முதல் விமானத்திலேயே இந்தக் கதை ஆரம்பமாகிவிடுகிறது. 1903-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி, அமெரிக்காவில் கிட்டி ஹாக் என்ற இடத்துக் கடற்கரை மணலில், ரைட் சகோதரர்களில் இளையவரான ஆர்வில் முதன்முதலாகப் பறந்தார். 12 விநாடி, 120 அடி. இந்த எண்கள் பள்ளிக்கூடத்துப் புத்தகங்களில் இருக்கின்றன. அந்த 12 விநாடியும் விமானம் எப்படிப் போயிற்று என்பது மட்டும் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அது அம்பு போலப் போகவில்லை. தவளை போலப் போயிற்று. திடீரென்று பத்தடி எழும்பும். உடனே தலைகுப்புறத் தரையை நோக்கிப் பாயும்.

காரணம் இதுதான். விமானத்தை ஏற்றி இறக்கும் பலகையை ரைட் சகோதரர்கள் இறக்கைக்கு முன்னால் வைத்திருந்தார்கள். ஆர்வில் குப்புறப் படுத்தபடி ஒரு சிறு நெம்புகோலைப் பிடித்து அதை இயக்கினார். அந்தப் பலகை ஏறக்குறைய அதன் நடுமத்தியில் சுழலும்படி பொருத்தப்பட்டிருந்தது. ஆகையால் கொஞ்சம் திருப்பினால் போதும். காற்று அதைப் பிடித்துக்கொண்டு மீதித் திருப்பத்தைத் தானே முடித்து வைத்தது. கை கால்பங்கு சொன்னால் பலகை முழுப்பங்கு கேட்டது! அன்றைய தினம் நாலாவது முறை அண்ணன் வில்பர் பறந்தபோது 59 விநாடியில் 852 அடி சென்றார். அதுவும் இப்படித் தலைகுப்புறப் பாய்ந்து, முன்பலகையின் சட்டம் ஒடிந்துதான் முடிந்தது.

சகோதரர்கள் இருவரும் சைக்கிள் கடைக்காரர்கள். சைக்கிள் தானாக நிற்காது, ஓட்டுகிறவன்தான் அதைச் சதா சமாளித்து நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். விமானத்தையும் அப்படியே கட்டினார்கள். ஆனால் சமாளிக்கிற கைக்கு அவகாசம் வேண்டும் அல்லவா? அந்த அவகாசத்தைத் தேட இரண்டு வருஷம் ஆயிற்று. முன்பலகையைப் பெரிதாக்கி, இறக்கையிலிருந்து இன்னும் தள்ளி முன்னே கொண்டுபோய் வைத்தார்கள். 1905 அக்டோபர் 5-ஆம் தேதி வில்பர் 39 நிமிஷ நேரம், 24 மைலுக்கு மேல் வட்டமிட்டார். விமானம் பறக்கக் கற்றது 1903-இல் என்றால், கைக்குப் பணியக் கற்றது 1905-இல் என்று சொல்லலாம்.

எல்லாவற்றையும் ஒரே கோலில் அடக்கும் யோசனை பிரான்ஸிலிருந்து வந்தது. 1907-இல் ரோபேர் எனோ பெல்த்ரி என்ற பொறியியலாளர் அப்படி ஒரு கோலை அமைத்தார். கோலைத் தன் பக்கம் இழுத்தால் விமானத்தின் மூக்கு ஏறும், தள்ளினால் இறங்கும், பக்கவாட்டில் சாய்த்தால் விமானமும் அந்தப் பக்கம் சாயும். 1909 ஜூலை 25-ஆம் தேதி லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியபோது அவருடைய முழங்கால்களுக்கு நடுவே இருந்ததும் அத்தகைய ஒற்றைக் கோல்தான். இன்றைக்கு மேஜைமேல் நிற்கும் ஜாய்ஸ்டிக் அதனுடைய கொள்ளுப்பேரன்.

உலக யுத்தங்கள் வந்தன. விமானத்தில் பீரங்கியும் துப்பாக்கியும் ஏறின. அதுவரையில் உயிர் தப்பக் கோல் சரியாக இருந்தால் போதும். இப்போது குறி பார்க்கவும் அது சரியாக இருக்க வேண்டியதாயிற்று. முதல் யுத்தத்தில் பிரிட்டிஷாருக்கு ஸாப்வித் கேமல் என்ற விமானம் இருந்தது. எஞ்சின், துப்பாக்கி, விமானி, பெட்ரோல் எல்லாவற்றையும் முன்பக்கத்திலேயே நெருக்கி அடைத்திருந்ததால் அது தொட்டால் திரும்பும். கை தேர்ந்தவர்கள் அதில் ஏறி, வேறு எந்த நேச நாட்டு விமானத்தை விடவும் அதிகமான எதிரிகளை வீழ்த்தினார்கள். கை தேராத பயிற்சி வாலிபர்கள் பலர் எதிரியின் முகத்தைப் பார்க்கும் முன்பே, சொந்த நாட்டு வயல்களில் விழுந்து மாண்டார்கள். ஒரே விமானம், ஒரே கோல். ஒருவனுக்கு வாள், மற்றவனுக்கு யமன்.

குறி பார்ப்பதில் எவ்வளவு நுட்பம் வேண்டும் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டாவது யுத்தத்தில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் எட்டுத் துப்பாக்கிகளையும் 250 கஜ தூரத்தில் குண்டுகள் ஒன்று சேரும்படி திருப்பி வைத்திருந்தார்கள். அந்தத் தூரத்தில் விமானத்தின் மூக்கு ஒரே ஒரு டிகிரி விலகினால் குண்டுகள் 13 அடி விலகிப் போகும். எதிரியைப் பின்னாலிருந்து பார்த்தால் அவன் விமானத்தின் உடல் ஏறக்குறைய ஒரு கஜ அகலம்தான். ஒரு டிகிரி என்பது கடிகாரத்தில் நிமிஷ முள் பத்து விநாடியில் நகர்கிற அளவு. கை நடுங்கிய அந்த அளவுக்குள் ஓர் உயிர் தப்பியது, அல்லது போயிற்று.

ஸ்பிட்ஃபயரிலேயே இரண்டு மாடுகளும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டிருந்தன. வாலில் இருக்கும் பலகை மூக்கை ஏற்றி இறக்குவது. அது இறகு போல லேசாக இருந்தது. இறக்கை ஓரத்துப் பலகைகள் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பவை. மெதுவாகப் போகும்போது அவையும் சொன்னபடி கேட்டன. வேகம் மணிக்கு 400 மைலை நெருங்கினால் மட்டும் கல் போல இறுகிவிட்டன. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள வேண்டும். ஜெர்மானியருடைய மெஸ்ஸர்ஷ்மிட் 109-உம் இதற்குச் சளைத்ததல்ல. கைப்பற்றிய ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டை பிரிட்டிஷார் ஃபார்ன்பரோவில் பரிசோதித்தார்கள். 400 மைல் வேகத்தில், விமானி தன் பலம் முழுவதையும் பிரயோகித்தாலும் இறக்கைப் பலகையை ஐந்தில் ஒரு பங்குதான் அசைக்க முடிந்தது. முழங்கையை மடக்கக்கூட இடம் போதாத கூண்டு அது.

ஸ்பிட்ஃபயரின் பரிசோதனை விமானி ஜெப்ரி க்வில் என்பவர். தொழிற்சாலையில் இருந்துகொண்டே யோசித்தால் போதாது என்று 1940 ஆகஸ்டில் போர்ப் படையணி ஒன்றில் போய்ச் சேர்ந்து சண்டையே போட்டுப் பார்த்தார். திரும்பி வந்ததும், "இறக்கைப் பலகைகளை முதலில் கவனியுங்கள்" என்பதே அவருடைய பிடிவாதம். அந்தப் பலகைகள்மேல் துணி போர்த்தியிருந்தார்கள். மிகுந்த வேகத்தில் துணி காற்றில் உப்பிக்கொள்கிறது, அதனால்தான் இறுகுகிறது என்று கண்டார்கள். துணிக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தகட்டைப் போர்த்தியதும் கோல் இளகிவிட்டது. 1941-இல் படைகளுக்கு அந்தப் புதிய பலகைகள் வந்து சேர்ந்தன.

வாற்பலகையின் வியாதி இதற்கு நேர்மாறு. அது ரொம்பவும் லேசு. பதற்றத்தில் விமானி கோலைப் பலமாக இழுத்துவிட்டால் இறக்கை தாங்காமல் விமானமே பிய்ந்துபோகும். அப்படிப் பிய்ந்தும் போயிற்று. இதற்குச் செய்த மருந்து மிகவும் ருசிகரமானது. கோலிலிருந்து வாலுக்குப் போகும் இணைப்பில் ஒரு சிறு எடைக் கல்லைக் கட்டினார்கள். விமானம் கடுமையாக வளைந்து ஏறும்போது அதிலுள்ள எல்லாப் பொருளுக்கும் எடை பல மடங்காகும் அல்லவா? அந்தக் கல்லுக்கும் ஆகும். கனத்த கல் கோலை முன்னால் இழுக்கும். "போதும், மேலே இழுக்காதே!" என்று விமானியின் மணிக்கட்டைப் பிடித்துச் சொல்கிற மாதிரி. ஒரு பக்கம் கனத்தைக் குறைத்தார்கள்; இன்னொரு பக்கம் கனத்தைக் கூட்டினார்கள். இரண்டுமே உயிரைக் காப்பாற்றின.

இதே சமயம் பூமியின் மறு பக்கத்தில் ஒரு ஜப்பானியரும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் ஹோரிகோஷி ஜிரோ. ஜீரோ விமானத்தின் சிருஷ்டிகர்த்தா. அந்த விமானம் முதன்முதலாகப் பறந்தது 1939 ஏப்ரல் 1-ஆம் தேதி. நகோயாவில் இருந்த தொழிற்சாலையிலிருந்து, பரிசோதனை நடந்த ககாமிகஹாரா மைதானத்துக்கு முப்பது மைல். சாலை மோசம், லாரியில் ஏற்றினால் குலுங்கும் என்று பயந்து அந்த அதிநவீன விமானத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்! வண்டிக்காரரின் கயிறும் ஜீரோவின் கோலும் ஒரே சாலையில் ஒரு நாள் பிரயாணம் செய்திருக்கின்றன.

பறந்து பார்த்த விமானிகள் ஒரு குறை சொன்னார்கள். மெதுவாகப் போகும்போது கோலை நிறைய இழுக்க வேண்டியிருக்கிறது. வேகமாகப் போகும்போது அதே இழுப்புக்கு விமானம் துள்ளுகிறது. காற்றின் இயல்பு அப்படி. வேகம் இரண்டு மடங்கானால் பலகைமேல் காற்றின் விசை நாலு மடங்காகிறது. விமானியின் கை மட்டும் எப்போதும் ஒரே கைதான்.

ஹோரிகோஷி ஒரு விபரீதமான காரியம் செய்தார். கோலையும் வாற்பலகையையும் இணைக்கும் கம்பிகள் விறைப்பாக இருக்க வேண்டும், கொஞ்சமும் நீளக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சாஸ்திரம். அவர் வேண்டுமென்றே அந்த இணைப்பின் விறைப்பைக் குறைத்தார். மெதுவாகப் போகும்போது பலகைமேல் காற்றின் எதிர்ப்பு குறைவு, கம்பி நீளாது, கை சொன்னதை எல்லாம் பலகை கேட்கும். வேகமாகப் போகும்போது எதிர்ப்பு அதிகம். கம்பி சற்றே நீண்டு கொடுக்கும். கை எவ்வளவு இழுத்தாலும் பலகைக்குப் போய்ச் சேருவது அதில் ஒரு பங்குதான். ஆக, எந்த வேகத்திலும் அதே இழுப்புக்கு ஏறக்குறைய அதே பலன். இன்றைக்குப் பிள்ளைகள் திரையில் வரைகிற வளைகோட்டை அவர் இரும்புக் கம்பியில் வரைந்துவிட்டார்.

ஆனால் பக்கவாட்டுப் பலகைகளுக்கு அத்தகைய பாக்கியம் கிட்டவில்லை. 1942 ஜூன் மாதம், அலாஸ்காவை அடுத்த அகுடான் தீவில், கோகா ததாயோஷி என்ற ஜப்பானிய விமானி அடிபட்ட தம் ஜீரோவைப் புல்தரை என்று நினைத்துச் சதுப்பில் இறக்கினார். விமானம் கவிழ்ந்தது. கழுத்து முறிந்து அங்கேயே இறந்தார். வயது பத்தொன்பது. ஏறக்குறைய முழுதாகக் கிடைத்த அந்த விமானத்தை அமெரிக்கர்கள் ஸான் டியாகோவுக்கு எடுத்துப்போய்ப் பழுது பார்த்து, செப்டம்பர் மாதம் பறந்து பார்த்தார்கள். மெதுவான வேகத்தில் நிகரில்லாத ஜீரோ, 200 நாட் வேகத்தைத் தாண்டினால் பக்கவாட்டில் புரள மறுக்கிறது, அதிலும் வலப்பக்கம் புரள ரொம்பவும் சங்கடப்படுகிறது என்ற ரகசியம் வெளிப்பட்டது. "ஜீரோ துரத்தினால் தலைகீழாகப் பாய்ந்து வேகத்தைக் கூட்டு; பிறகு வலப்பக்கம் புரளு" என்பது அமெரிக்க விமானிகளுக்குப் பாடமாயிற்று. ஒரு கோலின் கனம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டது ஒரு படைக்கு ஆயுதம் கிடைத்த மாதிரி ஆயிற்று.

யுத்தத்துக்குப் பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. அந்த வேகத்தில் பலகையை அசைக்க மனிதக் கைக்குச் சக்தி இல்லை. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் யந்திரங்கள் அந்த வேலையை மேற்கொண்டன. கைக்குக் கஷ்டம் தீர்ந்தது. கூடவே கைக்குச் செய்தியும் நின்றுபோயிற்று. காற்று எவ்வளவு பலமாக மோதுகிறது என்பதை விமானி கோல் வழியாகத்தானே அறிந்துகொண்டிருந்தான்? ஆகையால் பொறியியலாளர்கள் வில்லையும் எடைக் கல்லையும் வைத்துக் கோலுக்குச் செயற்கையாகக் கனம் ஏற்றினார்கள். அது பொய்க் கனம்தான். ஆனால் அந்தப் பொய் இல்லாமல் நிஜத்தை உணர முடியவில்லை.

1974-இல் எஃப்.16 என்ற அமெரிக்க விமானத்தின் முதல் மாதிரி பரிசோதனைக்கு வந்தது. கோலுக்கும் பலகைக்கும் நடுவே கம்பி கிடையாது; மின்சாரச் சமிக்ஞைதான். கோல் விமானியின் வலப்பக்கம் இருந்தது; அது அசையவே அசையாது. எவ்வளவு அழுத்துகிறான் என்பதை மட்டும் அறிந்துகொள்ளும். ஜனவரி 20-ஆம் தேதி பில் ஓஸ்டிரைக்கர் என்ற விமானி அதைத் தரையிலேயே வேகமாக ஓட்டிப் பார்க்கப் போனார். பறக்கும் உத்தேசமே இல்லை. ஓடும்போது மூக்கு உயர்ந்தது; விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது; திருத்துவதற்காக மறுபக்கம் அழுத்தினார்; கோல் மிதமிஞ்சிக் கேட்டது; விமானம் மறுபக்கம் விழுந்தது. மீண்டும் திருத்தினார், மீண்டும் அதே கதி. வாற்பலகை தரையில் உரசியது. ஓடுபாதையை விட்டே விலகிச் செல்லத் தொடங்கியது. இனித் தரையில் இருந்தால் தப்ப முடியாது என்று தீர்மானித்து அவர் மேலே எழும்பிவிட்டார்! ஆறு நிமிஷம் வட்டமிட்டுப் பத்திரமாக இறங்கினார். பிறகு, சக்கரம் கீழே இருக்கும் சமயத்தில் கோலின் வேகத்தைக் குறைத்து வைத்தார்கள். பிற்காலத்தில் அந்தக் கோலுக்குச் சிறிது அசைவும் கொடுத்தார்கள். ரைட் சகோதரர்களின் தவளைக்கும் இந்த ஜெட்டுக்கும் எழுபது வருஷம் வித்தியாசம், வியாதி ஒன்றே.

இதுவரை சொன்னதெல்லாம் ஆகாயத்துக் கதை. தரையை விட்டு எழாமலே பறக்கும் வித்தையை ஆரம்பித்தவர் எட்வின் லிங்க். நியூயார்க் மாகாணத்தில் பிங்கம்டன் என்ற ஊரில் அவர் தகப்பனார் பியானோவும் ஆர்கனும் செய்து விற்றார். ஆர்மோனியத்தின் துருத்தி போன்ற ஆர்கன் துருத்திகளை வைத்து 1929-இல் மகன் ஒரு பொம்மை விமானம் செய்தார். கோலை அசைத்தால் துருத்திகள் ஊதிச் சுருங்கி அதைச் சாய்த்தன. முதலில் அது வேடிக்கைப் பூங்காக்களில்தான் விலை போயிற்று. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய், பனியிலும் இருட்டிலும் பலர் மடிந்த பிறகே ராணுவம் விழித்துக்கொண்டு ஆறு யந்திரங்களை வாங்கியது. இரண்டாவது யுத்தத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அந்த நீலப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் முதலில் பறந்தார்கள்.

1979-ஐ ஒட்டி புரூஸ் ஆர்ட்விக் என்பவர் அதையே வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார். 2001-இல் மாஸ்கோவிலிருந்து வந்த இல்-2 ஸ்டர்மோவிக் என்ற யுத்த விளையாட்டில் கோலின் ஒவ்வோர் அசைவுக்கும் பத்துப் பத்துப் படிகள் இருந்தன. ஒவ்வொரு படியையும் விளையாடுகிறவர் தம் இஷ்டப்படி உயர்த்தலாம், தாழ்த்தலாம். ஹோரிகோஷியின் உத்தியோகம் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது.

அந்த உத்தியோகத்தைச் சரியாகப் பார்ப்பது எப்படி? நிஜ விமானத்தின் கோல் தரையிலிருந்து முழங்காலுக்கு மேல் எழுகிறது. மேஜைக் கோலோ ஒரு சாண்தான். அதே கோணத்துக்கு இதன் நுனி அதில் பாதிகூட நகராது. ஆகையால் விரல் நடுக்கம் இங்கே இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். இதற்காகத்தான் நடுப்பகுதியை மந்தமாக்குவது. கோல் பத்துப் படியில் ஐந்து படி போனால் விமானம் பாதி கேட்காமல் கால்பங்கு மட்டும் கேட்கும்படி வைத்தால் குறி தடுமாறாது. நடுவில் எதுவும் அசையாத ஒரு சிறு இடைவெளியும் தேவை. பழைய கோல்கள் கை எடுத்த பிறகும் நடுங்கும். ஆனால் இடைவெளியை அகலமாக்கினால் கோல் செவிடாகிவிடும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நடுவில் குறைத்ததை ஓரத்தில் வட்டியோடு கட்ட வேண்டும். மீதி ஐந்து படிக்குள் முக்கால் பங்கு விமானமும் அடங்கியிருக்கிறது அல்லவா? சண்டையின் உச்சத்தில் கோலைக் கடைசிவரை இழுக்கும்போது விமானம் துள்ளி, காற்றின் பிடி நழுவி, சுழன்று விழும். ஆகவே ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தூரத்தில் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ குறிவைத்துப் பறந்து பார்த்து, அதற்குப் பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். ஸ்பிட்ஃபயரின் லேசும் ஜீரோவின் இறுக்கமும் தெரியாமல் போகும்படி எல்லா விமானத்தையும் ஒன்றுபோல ஆக்கிவிடுவதிலும் பயனில்லை. மேஜைக் கோலில் இருப்பது ஒரு சின்ன வில். காற்றின் கனத்தை அது கைக்குச் சொல்லாது. கைக்கு எட்டாத அந்தச் செய்தியைக் கண்ணால் படிக்கத்தான் பழக வேண்டும்.

விளையாட்டில் விமானம் விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி கிளம்பலாம். ஸாப்வித் கேமலில் ஏறிய வாலிபர்களுக்கு அந்தப் பொத்தான் இருக்கவில்லை. கோகாவுக்கும் இருக்கவில்லை. அவர்கள் விழுந்து விழுந்துதான், யந்திரம் அதிகமாகக் கீழ்ப்படிவதும் ஒரு கோளாறு என்பதை உலகம் கற்றுக்கொண்டது. ஆகையால் பிள்ளை அந்த வளைகோட்டைத் தொட்டுத் தொட்டுத் திருத்திக்கொண்டிருந்தால், தாய்மார்கள் இன்னும் கொஞ்ச நேரம் பொறுமையாக இருக்கலாம். காப்பி வேண்டுமானால் ஆறட்டும்.